பழைய ஈயப் பெயின்ட்: மூடுவதா, சுரண்டுவதா?

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், பரிசோதனையில் ஈயம் உறுதியானால், சுவருக்கு மூடுவதே மேல். பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால், ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஈயத்தை மூடுவதற்கென்றே வரும் தடித்த பூச்சை அடிக்கலாம், தூசி கிளம்பாது. சுவரில் ஓதம் இருந்தால் பூச்சு உப்பி உரியும். முதலில் கசிவை அடைத்துவிடுங்கள்.

ஜன்னல், கதவு வேறு விஷயம். சட்டமும் நிலையும் உரசும் இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. திறந்து மூடும்போதெல்லாம் ஈயத்தூள் ஜன்னல் திண்டில் கொட்டும், குழந்தை கை வைப்பதும் அங்கேதான். அங்கே சுரண்டத்தான் வேண்டும், இல்லையென்றால் கதவையே மாற்ற வேண்டும். காய்ந்த பெயின்ட்டில் உப்புத்தாள் போடவே கூடாது. தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி, தரையில் விரித்த பிளாஸ்டிக்கை உள்பக்கமாகச் சுருட்டி எடுத்து, ஹெப்பா (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் மிச்சத் தூசியை இழுங்கள். துப்புரவு முடியும்வரை குழந்தை அந்த வீட்டில் இருக்கக் கூடாது.