வெள்ளி ரூபாயைப் பார்க்க எந்த லென்ஸ்: ஐந்தா, பத்தா, இருபதா?

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள், உருப்பெருக்கம் கூடினால் தெளிவும் கூடும் என்று நம்பி 20 மடங்கு லென்ஸை வாங்கிவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் வாங்கினேன்; அது இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

250 மில்லிமீட்டரை உருப்பெருக்கத்தால் வகுத்தால் லென்ஸின் குவிய தூரம் ஏறத்தாழக் கிடைக்கும்: 5 மடங்குக்கு 50 மி.மீ., 10 மடங்குக்கு 25, 20 மடங்குக்கு வெறும் 12.5. அந்தச் சிறு இடைவெளியில் விளக்கொளி நுழைய இடமில்லாமல் லென்ஸின் நிழலே நாணயத்தின்மேல் விழும். மன்னரின் கன்னம் தெளிந்தால் அதைச் சுற்றியுள்ள தளம் மங்கிவிடும்.

ஒரு ரூபாயின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது, அது தேய்த்துத் துலக்கப்பட்டதா, இயல்பான பளபளப்புடன் இருக்கிறதா என்பதே. அதற்கு 5 மடங்கு லென்ஸ்தான் உகந்தது. ஏனெனில், சுமார் 30.5 மி.மீ. விட்டமுள்ள நாணயத்தின் பெரும்பகுதியை ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டு விளக்கொளியில் மெல்லச் சாய்க்கும்போது, பளபளப்பு முகத்தில் சுழன்றோடுகிறதா, மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் மின்னுகின்றனவா என்பதைக் காண முடிகிறது. 1862 ரூபாயில் ஆண்டு எண்ணையொட்டிய புள்ளிகளை எண்ணவும், பன்றி போலிருக்கிறது என்று பழிக்கப்பட்டு 1912-இல் திருத்தப்பட்ட 1911 ரூபாயில் மன்னரின் அங்கியிலுள்ள யானையை அடையாளம் காணவும் இதுவே போதும்.

1840 ரூபாயில் விக்டோரியா அரசியின் கழுத்து வெட்டிலுள்ள, அச்சு செதுக்குநர் வில்லியம் வையனைக் குறிக்கும் இரண்டு சிறு எழுத்துகள் மேலெழுந்தவையா, குழிந்தவையா என்று தீர்மானிக்க 10 மடங்கு வேண்டும். வார்த்துச் செய்த போலியின் நுண்துளைகளும், ஆண்டு எண்ணை மாற்றியவரின் உளித் தடமும் இதில்தான் வெளிப்படும். ஆனால் இந்த அளவில் ஒற்றை லென்ஸ் வீண்செலவு: ஓரங்கள் வளைந்து, எழுத்துகளைச் சுற்றி நிறக்கோடுகள் தோன்றும். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த டிரிப்லெட் அக்குறைகளைப் பெரிதும் நீக்குகிறது; பெலோமோ, பாஷ் அண்ட் லாம் ஆகிய நிறுவனங்களின் 10 மடங்கு லென்ஸ்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. 30 மடங்கு, 21 மி.மீ. (லென்ஸின் விட்டம்) என்று பொறித்து மலிவாக விற்கப்படுபவற்றில் பல உண்மையில் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. வாங்குமுன் ஓர் அளவுகோலின்மேல் வைத்துப் பாருங்கள். கோடுகள் ஓரம்வரை நேராக இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.

லென்ஸைச் சுற்றிய எல்இடி வளையத்துக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். நேர்மேலிருந்து விழும் ஒளி கீறல்களை மறைத்துவிடும்.

முதலில் 5 மடங்கு, அடுத்து 10 மடங்கு டிரிப்லெட் என்பதே என் வரிசை. கண்காட்சிக்குச் சட்டைப்பையில் ஒன்றுதான் கொண்டுபோக முடியுமென்றால், 7 மடங்கு.