வீடியோ கேம் வழிகாட்டி நூல்களுக்கு இரண்டாயிரம் ரூபாய் தகுமா?

ஆட்டத்தின் நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டு, அதிலிருந்து மீள வழி தெரிந்தால் போதும் என்பதற்காக மட்டும் அச்சிட்ட வழிகாட்டி நூல் ஒன்றை வாங்க நினைப்பவர், அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் இருப்பதே நல்லது. அந்த வேலையைக் கைபேசி இலவசமாகச் செய்கிறது; தமிழிலேயே பேசியும் காட்டுகிறது. ஆனால் பெரிய ஆட்டம் ஒன்றின் உலகத்தை முழுமையாக விரித்துவைத்து, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எதைப் பெற்றால் எது கிடைக்கும் என்று நிதானமாகப் பார்க்க விரும்புபவருக்கு, நன்றாகச் செய்யப்பட்ட ஒரு நூல் இன்றைக்கும் பயன்படுகிறது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் புதிதும் பழையதுமாகச் சேர்ந்திருக்கும் சில நூல்களை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நம் டெல்டா மாவட்டங்களில் இந்த வகை நூல் கடைக்கு வருவதற்கு முன்பே அதன் தேவை வந்துவிட்டது. பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் ஜிடிஏ வைஸ் சிட்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதன் சீட் கோடுகளை (ஆட்டத்தில் குறுக்குவழி காட்டும் இரகசியக் குறியீடுகளை) ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியாத பையன்கள் தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் குறைவு. துப்பாக்கியையும் பீரங்கி வண்டியையும் வரவழைப்பதற்கு அந்த ஒரு தாள் போதும். 2002-இல் வந்த அந்த ஆட்டத்தில் ஒளித்துவைக்கப்பட்ட 100 பொதிகளைக் கண்டுபிடிப்பதற்குப் போதாது. 2004-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் 100 சுவர்க் கிறுக்கல்கள், 50 குதிரை லாடங்கள், 50 சிப்பிகள், புகைப்படம் எடுக்கவேண்டிய 50 இடங்கள் என்று கணக்கு இன்னும் பெருகியது. இவற்றைத் தேடி முடிப்பதற்கு வரைபடம் வேண்டும்; அந்த வரைபடத்தைத்தான் அமெரிக்காவின் பிரேடிகேம்ஸ் போன்ற பதிப்பகங்கள் வண்ணத்தாளில் அச்சிட்டு விற்றன.

அந்தத் தொழிலின் பெரும்பகுதி இப்போது இல்லை. 1990-இல் தொடங்கப்பட்ட பிரைமா கேம்ஸ், 2015-இல் பிரேடிகேம்ஸைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கஜா புயல் நம் கடலோரத்தைப் புரட்டிப்போட்ட அதே 2018 நவம்பரில், அச்சு வழிகாட்டிகளை நிறுத்தப்போவதாகப் பிரைமா அறிவித்தது. மறு ஆண்டு அது நடந்தும் விட்டது. இன்று புதிதாக வாங்கக் கிடைப்பவற்றில் குறிப்பிடத்தக்கவை பிரிட்டனின் பிக்கிபேக், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தின் ஃபியூச்சர் பிரஸ் ஆகிய இரண்டு பதிப்பகங்கள் வெளியிடுபவையே. எண்ணிக்கை குறைந்தது வாங்குபவருக்கு நட்டம் என்று நான் கருதவில்லை. பழைய முறையில், ஆட்டம் கடைக்கு வரும் நாளிலேயே நூலும் அதன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக, முடிக்கப்படாத முன்வடிவை வைத்து அவசரமாக எழுதி அச்சுக்கு அனுப்பினார்கள். அதனால் நூலில் ஒன்றும் திரையில் வேறொன்றுமாக இருப்பது வழக்கமாகவே இருந்தது. இதிலும் மோசமானது 2000-இல் ஃபைனல் ஃபேன்டஸி 9 ஆட்டத்துக்கு வந்த பிரேடிகேம்ஸ் நூல். காசு கொடுத்து வாங்கியவர் பக்கத்தைப் புரட்டினால், முக்கியமான தகவல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குறிச்சொல்லைக் கொடுத்து, மீதியைப் பிளேஆன்லைன் என்ற இணையதளத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளுமாறு சொல்லியிருந்தார்கள். அந்தத் தளத்தின் அந்தப் பகுதி பின்னர் மூடப்பட்டுவிட்டதால், இன்று அந்த நூல் பாதி ஊமையாகக் கிடக்கிறது. பழைய புத்தகச் சந்தையில் அது கண்ணில் பட்டால், அட்டைப்படத்துக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

இப்போது வாங்கத்தக்கது என்று நான் முதலில் காட்டக்கூடியது, தி லெஜெண்ட் ஆஃப் ஜெல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் ஆட்டத்துக்குப் பிக்கிபேக் வெளியிட்ட நூல். ஆட்டம் 2023 மே மாதம் வந்தது. நூல் அதற்குப் பிறகே வந்தது. இந்த ஆட்டத்தின் உலகம் வானம், தரை, பாதாளம் என மூன்று அடுக்குகளாக இருக்கிறது. கோயில் போன்ற சிறு புதிர்க்கூடங்கள் மொத்தம் 152. அவற்றில் 120 தரையிலும் 32 வானத்திலும் இருக்கின்றன. பாதாளத்தில் இருளைப் போக்கும் ஒளிவேர்களின் எண்ணிக்கையும் 120. தரையிலுள்ள ஒவ்வொரு கூடத்துக்கும் நேர் கீழே ஓர் ஒளிவேர் இருக்கிறது என்பதும், தரையில் ஆறோ ஏரியோ இருக்கும் இடத்தில் பாதாளத்தில் கடக்கமுடியாத சுவர் நிற்கிறது என்பதும் இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே அழகான ஏற்பாடுகள். விளையாடும்போது இதை உணர்வதற்கு வெகுநேரம் பிடிக்கும். நூலில் தரையின் வரைபடமுள்ள பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பாதாளத்தின் வரைபடத்துக்குப் புரட்டிப் பார்த்தால், ஹைலியா நதியின் வளைவு கீழே சுவரின் வளைவாக அப்படியே கிடப்பது ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

வீடியோவால் இதைச் செய்ய முடிவதில்லை. அது நம்மைக் கையைப் பிடித்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அழைத்துப் போகிறது. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து, குடமுருட்டி, அரசலாறு என்று மேலும் கிளைத்துப் போவதை நீர்வளத் துறை அலுவலகச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் பார்ப்பதற்கும், ஒரு வாய்க்கால் கரையில் நடந்துபோய்ப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. என் அக்கா மகன் இதைத் தன் பாணியில் சொன்னான்: “மாமா, வீடியோவுல பத்து நிமிஷம் பேசுறாங்க, லைக் பண்ணச் சொல்றாங்க, நான் கேக்குற இடம் எங்க இருக்குன்னு மட்டும் கடைசி அரை நிமிஷத்துலதான் சொல்றாங்க.” இணையத்தில் தொட்டுப் பெரிதாக்கிப் பார்க்கும் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஜெல்டா ஆட்டத்தில் தேடிச் சேர்க்கவேண்டிய ஆயிரம் கோரோக் விதைகளில் எடுத்தவற்றைக் குறித்துவைத்துக்கொள்வதற்கு அவை நூலைவிட வசதியானவை. எனினும் ஆறு அங்குலத் திரையில் ஒரு நாட்டையே பார்ப்பது, சாவித்துளை வழியாகத் தேரோட்டம் பார்க்கும் கதையாகத்தான் முடிகிறது.

எல்டன் ரிங் ஆட்டத்துக்கு ஃபியூச்சர் பிரஸ் வெளியிட்ட தொகுதிகள் வேறு வகையான பயனும் வேறு வகையான சிக்கலும் உடையவை. முதல் தொகுதி நிலப்பரப்பை ஊர் ஊராக விவரிக்கிறது. இரண்டாம் தொகுதி எதிரிகள், ஆயுதங்கள், மந்திரங்கள் ஆகியவற்றை அட்டவணைகளாகத் தருகிறது. பாஸ்கள் எனப்படும் பெரிய எதிரிகளைப் பற்றிய பகுதியே இதில் உயர்ந்த பகுதி. மார்கிட் என்ற முதல் பெரிய பாஸ், ஓங்கிய கையை உடனே இறக்காமல், நாம் பதறி உருண்டு ஒதுங்கி முடிக்கும்வரை காத்திருந்து அடிப்பவன். அவனிடம் அடிவாங்கிக்கொண்டிருக்கும்போது இது ஏதோ சூழ்ச்சி என்று மட்டுமே தோன்றும். அசைவுகளைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தாளில் வைத்துப் பார்க்கும்போது, தோள் திரும்பும் கணத்துக்கும் தடி இறங்கும் கணத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது புரிகிறது. இப்படி எழுதுவதற்கு நூலை எழுதியவர்கள் பலமுறை தோற்றிருக்கவேண்டும்.

சிக்கல் எண்களில் இருக்கிறது. ஆட்டம் 2022 பிப்ரவரியில் வந்தது. மார்ச்சிலேயே வந்த பேட்ச் (ஆட்டத்தைத் திருத்தும் புதுப்பிப்பு) ஒன்று, அதுவரை எல்லோரும் கையில் வைத்திருந்த ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்ப் என்ற திறனையும், இரவும் நெருப்பும் சேர்ந்த அந்தப் புகழ்பெற்ற வாளையும் பலவீனப்படுத்திவிட்டது. அதன் பிறகும் மாற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. 2024 ஜூனில், ஆட்டத்தோடு புதிய பகுதிகளைச் சேர்க்கும் விரிவாக்கமும் வந்தது. நூல் ஆட்டத்துக்குப் பல மாதம் பிந்தி வந்ததால் தொடக்க மாற்றங்களிலிருந்து தப்பித்தது. பின்னால் வந்தவற்றிலிருந்து தப்ப வழியில்லை. ஆகவே ஆயுத அட்டவணையில் இருக்கும் எண்ணை, எந்த ஆயுதம் எந்தக் குணத்தோடு வளரும் என்று ஒப்பிடுவதற்கு மட்டும் எடுத்துக்கொண்டு, துல்லியமான கணக்கை இணையத்தில் சரிபார்க்கவேண்டும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதல் தொகுதியை வாங்கலாம். நிலப்பரப்பு பேட்சுக்குப் பேட்ச் இடம் மாறுவதில்லை.

பிஜிஎம்ஐ, ஃபோர்ட்நைட் போன்ற ஆட்டங்களுக்கு அச்சு நூல் வாங்குவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சீசனுக்குச் சீசன் மேப்பும் துப்பாக்கியும் மாறும் ஆட்டத்துக்கு அச்சிட்ட வழிகாட்டி, போன வருடப் பஞ்சாங்கம்.

பொருளாக இந்த நூல்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றி வாங்குபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டியவை சில உண்டு. எழுத்து மிகச் சிறியது. கருப்புப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து என்ற வடிவமைப்பு மோகம் வேறு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் பளபளத்து, புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கவேண்டியிருக்கிறது. இரண்டு பக்கங்களுக்கு விரியும் வரைபடங்களின் நடுப்பகுதியை முதுகுத் தையல் விழுங்கிவிடுகிறது; நாம் தேடும் குகை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேப்பர்பேக் பதிப்பில் பசை வைத்து ஒட்டிய முதுகு, ஆட்டத்துக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டால் சீக்கிரமே வெடிக்கும். ஐந்நூறு பக்கத்தை நெருங்கும் நூலுக்கு அது தாங்காது. கூடுதல் விலை கொடுக்க முடியுமானால் கெட்டி அட்டைப் பதிப்பையே எடுக்கவேண்டும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரோரம் வைத்த ஆர்ட் பேப்பர் புத்தகம் ஈரத்தை இழுத்துக்கொண்டு, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப்போனால் அச்சு மையோடு உரிந்து வரும். எங்களிடம் இருக்கும் பழைய நூல் ஒன்றில் ஒரு நகரத்தின் வரைபடம் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்து கிடக்கிறது. அலமாரியில் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி வைப்பதும், இராமபாணப் பூச்சிக்கு வசம்பு போடுவதும், மழை விட்ட நாளில் எடுத்துப் பக்கங்களை விசிறிவிடுவதும் போதுமான பாதுகாப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் ஆட்டத்தில் மிஞ்சுவது இந்த நூல் மட்டுமே என்பதால், அந்த விசிறலை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.

விலைக்கு வருவோம். இவை எல்லாமே இறக்குமதி. 2019 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு விதித்த 5 சதவீதச் சுங்கவரி, கப்பல் கூலி, நடுவில் இருப்பவர் வைக்கும் லாபம் எல்லாம் சேர்ந்து, பெரிய நூல் ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே நம் கைக்கு வருவது அரிது. பதிப்பு தீர்ந்துபோன நூலுக்கு விற்பவர் சொன்னதே விலை. ஆட்டத்தை முடித்துவிட்டு விற்றுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், நம் ஊரில் வாங்குவதற்கு ஆள் கிடைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். பழைய பிரதி வாங்கும்போது, உள்ளே மடித்து வைத்திருந்த பெரிய வரைபடத் தாள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். யாரோ ஒரு பையனின் அறைச் சுவருக்கு அது எப்போதோ போயிருக்கும். மின்பதிப்புக்கான குறியெண் அட்டை இருந்தாலும் அதற்கு மதிப்புக் கொடுக்கவேண்டாம். முதலில் வாங்கியவர் அதைச் சுரண்டியிருப்பார்.

இவை அனைத்தையும்விட எச்சரிக்கையாக இருக்கவேண்டியது, பெரிய பதிப்பகங்கள் விலகிய இடத்தில் முளைத்திருக்கும் அதிகாரபூர்வமற்ற வழிகாட்டிகளிடம்தான். இணையக் கடை ஒன்றில் உறவினர் ஒருவர் பிறந்தநாள் பரிசாக வாங்கி அனுப்பிய அப்படி ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அட்டையில் நாயகனின் பெரிய படம். உள்ளே கருப்பு வெள்ளையில் பெரிய எழுத்தில் ஒல்லியான உரை. ஒரு வரைபடம்கூடக் கிடையாது. “எதிரி வந்தால் தாக்குதல் பொத்தானை அழுத்தவும், உயிர் குறைந்தால் மருந்து எடுத்துக்கொள்ளவும்” என்ற தரத்தில் அத்தியாயங்கள் போகின்றன. ஆட்டத்தின் பெயரை நீக்கிவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் எந்த வரியையும் திருத்தவேண்டியிருக்காது. கெட்டி அட்டைப் புத்தகத்தின் பாதி விலை அதற்கும் வாங்கியிருக்கிறார்கள்.

நூல் ஆங்கிலத்தில் இருப்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய தடையாக இருப்பதை நான் காணவில்லை. படமும் அம்புக்குறியும் சின்னங்களும் பாதியைச் சொல்லிவிடுகின்றன, மீதியைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஆவல் அகராதியை எடுக்கவைக்கிறது. ஆனால் அதற்காகவே வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோர், பிள்ளை ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நூலையே வாங்கவேண்டும்.

வாங்குவதென்று முடிவு செய்தவர், ஆட்டம் வந்து ஓராண்டாவது ஆகட்டும் என்று பொறுத்திருப்பது நல்லது. அதற்குள் முக்கியமான பேட்சுகள் வந்து அடங்கியிருக்கும், விரிவாக்கத்தையும் சேர்த்த பதிப்பு வருமா என்பதும் தெரிந்துவிடும். ஜெல்டா வரிசையில் 2017-இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட் ஆட்டத்துக்கு அப்படித்தான் விரிவாக்கப்பட்ட பதிப்பு மறு ஆண்டு வந்தது. முதல் பதிப்பை அவசரப்பட்டு வாங்கியவர்கள் இரண்டாவதையும் வாங்கவேண்டியதாயிற்று. அதிகம் காத்திருந்தால் பதிப்பு தீர்ந்துவிடும் அபாயமும் உண்டு. இணையத்தில் வாங்குவதானால், பதிப்பகத்தின் பெயர் உள்ள பக்கத்தையும் வரைபடமுள்ள ஏதேனும் ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுப்பத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்கவேண்டாம்.