இன்டி ராய்மியா, கொய்யூர் ரிதியா?

பெருவின் கூஸ்கோ பக்கம் ஜூன் வாக்கில் போகிறவர்கள் இந்த இரண்டு விழாக்களுக்கு நடுவில்தான் திணறுகிறார்கள்.

நாள்: இன்டி ராய்மி என்றால் ஜூன் 24, மாறாது. கொய்யூர் ரிதி ஈஸ்டரைப் பொறுத்து மே கடைசியிலோ ஜூனிலோ வரும்.

செலவு: முன்னதில் சாக்சைவமான் கோட்டையில் உட்கார நல்ல விலைக்கு டிக்கெட், கூஸ்கோ நகரச் சதுக்கத்தில் பார்க்க இலவசம். பின்னதில் டிக்கெட்டே கிடையாது.

உடம்பு: கூஸ்கோவே 3,400 மீட்டர் உயரம். கொய்யூர் ரிதி நடக்கும் சினகாரா பள்ளத்தாக்கு 4,600 மீட்டருக்கும் மேலே, மவயானி என்ற ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் நடை, இரவில் உறையவைக்கும் குளிர்.

உயிர்ப்பு: இன்டி ராய்மி 1944இல் மீட்டெடுத்த சூரிய விழா, நடிகர்கள் நடத்தும் அழகான நாடகம். கொய்யூர் ரிதியோ இன்றும் நடக்கிற வேண்டுதல். வீடு வேண்டுமென்று சின்னக் கற்களால் வீடு கட்டி வைப்பார்கள், கரடிக்கும் பெண்ணுக்கும் பிறந்தவர்களாகக் கதையில் வரும் உக்குக்கு வேடக்காரர்கள் இரவில் பனிமலை ஏறுவார்கள், முன்பெல்லாம் அங்கிருந்து பனிக்கட்டி வெட்டிச் சுமந்து வந்தவர்கள், பனிப்பாறை சுருங்குவதால் அதை நிறுத்திவிட்டார்கள் (எனக்கு மனசு கனத்த விஷயம் இது).

குழந்தைகள், வயதானவர்களோடு போனால் இன்டி ராய்மி. நம்பிக்கையை அருகிலிருந்து பார்க்க ஆசையும் உயரம் பழகிய உடம்பும் இருந்தால், யோசிக்காமல் கொய்யூர் ரிதி.