கதவுக்கு அந்தப் பக்கம்: எத்தோரே ஸ்கோலாவின் ‘லா சேனா’

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் ஒன்பது வருசம் கோப்பை கழுவியவன் நான். சாப்பிட வந்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது, திரும்பி வருகிற தட்டுத்தான் தெரியும். பாண் துண்டால் சோஸை வழித்து, தட்டு வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் தனியாக வந்த வயதான ஆள். ஓரத்தில் மட்டும் கிளறிவிட்டு அப்படியே வந்தால் அந்த மேசையில் ஏதோ சண்டை. போன கிழமை மகளோடு இருந்து எத்தோரே ஸ்கோலா இயக்கிய ‘லா சேனா’ (‘இரவுச் சாப்பாடு’, 1998) என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தபோது, அந்தத் தட்டுகளுக்கெல்லாம் முகம் கிடைத்த மாதிரி இருந்தது.

ரோமில் ஒரு சாப்பாட்டுக்கடை, ஒரே ஒரு இரவு. அவ்வளவுதான் கதை. கடைக்காரியாக ஃபானி ஆர்தான் நடிக்கிறார். தன் மாணவியையே காதலித்து மாட்டிக்கொண்ட பேராசிரியராக ஜன்கார்லோ ஜன்னீனி வருகிறார். தனியாகச் சாப்பிட்டபடி எல்லா மேசையையும் கவனிக்கிற முதியவர் வித்தோரியோ காஸ்மன். அவர் 2000இல் இறந்துபோனார். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தத் தனிமை இன்னும் கனக்கிறது.

எனக்கு மறக்காதது ஸ்தெஃபானியா சாந்த்ரெல்லி இருக்கிற மேசைதான். மகள் கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்கிறாள். வாழ்க்கையை ஆசையாக வாழ்ந்த தாய்க்கு அது விளங்கவே இல்லை. இரண்டு பேரில் யாரையும் படம் குற்றவாளி ஆக்கவில்லை. என் மகள் அந்த இடத்தில் சத்தமில்லாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் ஒரு மேசை இருக்கிறது, ஜப்பானியக் குடும்பம் இருக்கிற மேசை. சின்னப் பெடியன் கையில் கேம் மெஷின். “அப்பா, இவர்கள் என்ன கதைக்கிறார்கள்?” என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ரோம்காரர்களின் மனதுக்குள் அவ்வளவு தூரம் போகிற படம், இவர்களை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறது. குசினிக்குள்ளும் கமரா போகிறது, சரி. அங்கேயும் வாய் சமையல்காரருக்குத்தான்.

இப்படிப்பட்டவர்களையும் பேசவிடுவதை ஸ்கோலாவிடம் எதிர்பார்ப்பது நியாயம்தான். 1977இல் ‘உனா ஜொர்னாத்தா பர்த்திகொலாரே’ (‘ஒரு விசேஷ நாள்’) எடுத்தவர் அவர். ஹிட்லர் ரோமுக்கு வந்த 1938இல், ஊரே அணிவகுப்புக்குப் போன நாளில், வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஒருபால் விருப்பமுள்ள வானொலி அறிவிப்பாளரோடும் ஆறு பிள்ளைகளின் தாயோடும் வீட்டிலேயே நின்ற படம் அது. ஒதுக்கப்பட்டவரின் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கத் தெரிந்த மனிதர்.

பலெர்மோவில் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லக்ரீனோ மலையேறுகிற தமிழர்களை ஊர் அறியும், அதில் சைவக்காரரும் உண்டு. எங்களைப் போல எத்தனையோ பேர் இத்தாலியச் சமையலறைகளில் நிற்கிறோம். எங்களையும் மேசையில் இருத்திக் கதைக்க விடுகிற படம் வந்தால் முதல் ரிக்கெட் நான் எடுப்பேன்.

‘லா சேனா’வைக் கட்டாயம் பாருங்கள். நிறையக் கதைக்கிற, ஆறுதலாக ஓடுகிற படம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், அவசரப்படக் கூடாது. காஸ்மன் பேசுகிறபோது காதைக் கொடுங்கள். அந்தப் பெடியன் இருக்கிற மேசையிலும் ஒரு கண் இருக்கட்டும்.