சிக்னல் இல்லாத சந்திப்புகளில் சுமோ: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

போக்குவரத்து சிமுலேஷனுக்கு, அதாவது வண்டிகளின் ஓட்டத்தைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்கு, சில ஆண்டுகளாக நான் கையாண்டு வருவது சுமோ. ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்திலிருந்து சாலைகளை இறக்கிக்கொண்டு, சுமோவோடு வரும் நெட்எடிட் என்ற கருவியில் திருத்தலாம். இந்த வசதிகள் ஊரறிந்தவை. சிக்னலே இல்லாத சந்திப்பில் அது தரும் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் என் அக்கறை.

நெரிசலான டி சந்திப்பு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். கிளைச் சாலைக் கார் கோட்டருகே நிற்கிறது. பிரதான சாலையில் வண்டிகள் ஓயாமல் வருகின்றன. நுழைய இடைவெளி இல்லை. பின்னால் வரிசை நீள்கிறது. 300 விநாடி கடந்ததும் அந்தக் கார் திரையிலிருந்து மறைந்து, தன் வழியில் இடமிருக்கும் அடுத்த சாலையில் முளைக்கிறது. எச்சரிக்கைகளுக்கிடையே ‘யீல்ட்’ (வழிவிடக் காத்திருந்தது) என்ற காரணத்தோடு ஒரு வரி மட்டும் விழுகிறது. இன்னும் நெடுநேரம் நின்றிருக்க வேண்டிய வண்டி இப்படித் தப்பிவிடுவதால் சராசரித் தாமதம் குறைந்து தெரியும். அந்த எண்ணை வைத்துச் ‘சிக்னல் தேவையில்லை’ என்று எழுதிவிட்டால் அவதிப்படுவது கிளைச் சாலைக்காரர்கள். ஆகவே யார் அறிக்கை நீட்டினாலும், எத்தனை வண்டிகள் இப்படி ‘டெலிபோர்ட்’ ஆயின, அதாவது மறைந்து வேறிடத்தில் முளைத்தன என்றுதான் முதலில் கேட்பேன். என் ஓட்டங்களில் அந்த 300 விநாடிக்குப் பதில் -1 கொடுத்து அந்த வசதியை அணைத்துவிடுகிறேன். அடைப்பு அடைப்பாகவே தெரியட்டும்.

அடுத்தது ஓட்டுநரின் குணம். நம் சாலையில் இருசக்கர வாகனக்காரர் முன்சக்கரத்தை நுழைத்துவிடுவார். பிரதான சாலைக்காரர்தான் பிரேக் போட வேண்டும். சுமோவில் ‘பொறுமையின்மை’ அளவை 0-இலிருந்து 1-ஐ நோக்கி உயர்த்தினால் இது ஓரளவு வருகிறது. முன்னுரிமை உள்ள வண்டியைக் கண்டுகொள்ளாமல் போகும் நிகழ்தகவையும் வைக்கலாம். ஆனால் ஒரு நுட்பம்: அந்த நிகழ்தகவு ஒவ்வொரு சிமுலேஷன் படியிலும் (மென்பொருள் ஒருமுறை கணக்கிடும் நேரத்துண்டு) புதிதாகச் சோதிக்கப்படுகிறது. படியின் நீளத்தை 1 விநாடியிலிருந்து 0.1 ஆக்கினால், அதே எண்ணுக்கு ஒரே விநாடியில் பத்து வாய்ப்புகள். ஓட்டுநர்கள் திடீரென முரடர்களாகிவிடுவார்கள். படி நீளத்தைக் குறிப்பிடாத அறிக்கையை என்னால் ஏற்க முடிவதில்லை.

எவ்வளவு இடைவெளி கிடைத்தால் ஓட்டுநர் நுழைவார் என்ற மதிப்புகளை வீடியோ எடுத்து, களத்திலிருந்தே பெற வேண்டும். ‘இந்தோ-ஹெச்சிஎம் 2017’ என்ற இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு நம் கலப்புப் போக்குவரத்துக்கென்றே எழுதப்பட்டது. வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு குறை இன்னும் உறுத்துகிறது. பக்கவாட்டு நகர்வைத் தரும் சப்லேன் முறையில் ஒரே தடத்தில் இரண்டு பைக்குகள் இணையாகப் போகும். சாலையில் அது அருமை. சந்திப்புக்குள்ளோ வண்டிகள் முன்பே வரைந்த பாதைகளைப் பிடித்தே திரும்புகின்றன. எதிர்த்திசை வண்டிகளுக்கு நடுவே குறுக்காகப் புகுந்து போகும் பைக்கை இதுவரை என்னால் அதில் கொண்டுவர முடியவில்லை. பைக்குகள் மிகுந்த சந்திப்பின் கொள்ளளவுக்கு சுமோ தரும் எண்ணைக் கள எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.