காமலாபுரத்துக் கற்பனைப் போர்விமானம்: வல்லூறா, சேர்வராயனா?

நண்பர்கள் சேர்ந்து எழுதிவரும் கதையில் ஒரு போர்விமான ஆலை வருகிறது. இடம், சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தை ஒட்டி. ஆலை கற்பனைதான், ஓடுபாதையும் வெயிலும் மலையும் நிஜம். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு மையம் என்பதால் அங்கே வைத்தோம். ஆலையின் முதல் விமானம் வல்லூறா, சேர்வராயனா என்பதில்தான் இரண்டு கட்சி.

வல்லூறுக்கு ஒற்றை எஞ்சின், இந்தியாவின் தேஜஸ் போர்விமானம் போல வால் இறக்கை இல்லாத முக்கோண இறக்கை. சேர்வராயனுக்கு இரட்டை எஞ்சின், பிரான்சின் ரஃபேல் போர்விமானம் போல மூக்குப் பக்கம் குட்டி முன்னிறக்கை.

சேர்வராயன் கட்சி சொல்வதில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன். கிழக்கே மலை நிற்கிறது. ஏறும்போது ஓர் எஞ்சின் நின்றால், இன்னொன்றை வைத்துத் திரும்பி வந்து இறங்கப் பார்க்கலாம். வல்லூறு விமானி குதிக்க வேண்டியதுதான்.

ஆனால் இரண்டு எஞ்சின் இருந்தாலே பலம் வந்துவிடும் என்பது சரியில்லை. இந்திய அரசின் விமான நிறுவனமான எச்.ஏ.எல். தயாரித்த மாருத் போர்விமானத்தைப் பாருங்கள். ஜெர்மானியர் கர்ட் டாங்க் வடிவமைத்து, 1961-இல் முதலில் பறந்தது. திட்டமிட்ட எஞ்சின் கைக்கு வரவில்லை. கிடைத்த இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களும் சேர்ந்து தந்த உந்துவிசை சுமார் 43 கிலோநியூட்டன். அழகான உடல், ஒலி வேகத்தைத் தொடவே திணறியது. தேஜஸின் ஒரே எஃப்404 எஞ்சின், பின்னெரிப்போடு (வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளை எரித்து) 80-க்கும் மேல் தருகிறது.

எனக்கு முக்கியம் இறக்கைதான். சேலத்துச் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. எஞ்சினும் சோர்கிறது, இறக்கையும் சோர்கிறது. ஓடுபாதையோ சுமார் 1,800 மீட்டர். வால் இல்லாத முக்கோண இறக்கையில் மூக்கைத் தூக்க, இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகள் மேலே எழ வேண்டும். அவை பின்பக்கத்தைக் கீழே அழுத்தும். தூக்குவிசை அதிகம் வேண்டிய நொடியில் கொஞ்சம் பறிபோகிறது. முன்னிறக்கை அதே வேலையை மூக்கை மேலே தூக்கியே செய்கிறது.

அப்படியானால் சேர்வராயன்தானா? இல்லை. ஸ்வீடனின் கிரிபென் போர்விமானத்துக்கு ஒற்றை எஞ்சின், முன்னிறக்கையும் உண்டு. அதன் தொடக்க வகைகளில் இருந்த ஆர்எம்12 எஞ்சின், தேஜஸில் இருக்கும் அதே எஃப்404 குடும்பம். சுமார் 800 மீட்டர் நெடுஞ்சாலைத் துண்டிலிருந்து கிளம்பவே அதை வடிவமைத்தார்கள். அங்கே குளிர், இங்கே வெயில். ஆனாலும் நமக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தூரம் இருக்கிறது.

செலவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். எஞ்சின் இரண்டென்றால் வாங்குவதும் பராமரிப்பதும் இரட்டிப்பு. புது ஆலை தாங்காது.

என் ஓட்டு வல்லூறுக்கு, முன்னிறக்கை வைத்த வல்லூறுக்கு. அப்புறம், எஞ்சின் நிற்கும் அத்தியாயத்தையும் அதற்கே எழுதுவோம். விமானி ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பாராசூட்டோடு இறங்கட்டும்.