காலேஜ் நேவிகேட்டர்: வெளி மாநிலக் கல்லூரி பார்ப்பவர்கள் அந்த ஒரு எண்ணை நம்ப வேண்டாம்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான்: சொந்த மாநிலத்திலேயே படிக்க வைப்பதா, வெளி மாநிலத்துக்கு அனுப்புவதா. வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அதற்கு முன்னால் கல்வித்துறையின் புள்ளிவிவர மையமான என்சிஇஎஸ் நடத்தும் காலேஜ் நேவிகேட்டர் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, கல்லூரிக்காரர்கள் உங்கள் நம்பரைப் பிடித்துக்கொண்டு துரத்தவும் மாட்டார்கள். பார்க்கத்தான் பழைய காலத்துத் தளம் மாதிரி இருக்கும், போகட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மாணவர் சேர்க்கைப் பகுதி. முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் உள் மாநிலம், எத்தனை வெளி மாநிலம், எத்தனை வெளிநாடு என்று அங்கே இருக்கும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உள்ளூர்ப் பிள்ளைகள்தான் நிறைய இருப்பார்கள் என்று நினைப்போம் இல்லையா, அலபாமா பல்கலைக்கழகத்தையும் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தையும் திறந்து பாருங்கள், பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தவர்கள். யூடி ஆஸ்டின் (ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) நேர் எதிர், முதலாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சஸ்காரர்களுக்கு என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. உங்கள் பிள்ளையை வரவேற்கும் இடம் எது, கதவைப் பாதி மூடி வைத்திருக்கும் இடம் எது என்பது இதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஒன்று, இந்த விவரத்தைக் கல்லூரிகள் இரட்டைப்படை ஆண்டுகளில்தான் கட்டாயம் தர வேண்டும், அதனால் எந்த ஆண்டுக் கணக்கு என்று பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவுப் பட்டியலும் நன்றாகவே இருக்கிறது. உள் மாநிலக் கட்டணம், வெளி மாநிலக் கட்டணம், அதோடு ஹாஸ்டலில் தங்கினால் எவ்வளவு, வெளியே அறை எடுத்தால் எவ்வளவு, வீட்டிலிருந்தே போய்வந்தால் எவ்வளவு என்று நான்கு வருட விவரம் வரிசையாக வரும். கட்டணம் வருடா வருடம் எப்படி ஏறுகிறது என்பதும் அதிலேயே தெரியும்.

ஆனால் "நெட் பிரைஸ்" என்று கீழே ஒரு எண் வரும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உதவித்தொகை கழித்தபின் சராசரியாகக் கையை விட்டுப் போகும் தொகை அது. அரசுக் கல்லூரி என்றால் அந்தச் சராசரியில் உள் மாநிலக் கட்டணம் கட்டுகிறவர்கள் மட்டும்தான் சேர்த்தி. வெளி மாநிலத்திலிருந்து போகிறவர் அதைப் பார்த்து "அட, இவ்வளவுதானா" என்று சந்தோஷப்பட்டால் முதல் பில் வரும்போது தலை சுற்றும். இந்த விஷயத்தைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. வருமானவாரியாகப் பிரித்துக் காட்டுவதிலும் கடைசிப் படி 1,10,001 டாலரும் அதற்கு மேலும் என்பதுதான், ஐடியில் இரண்டு சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அது ஒன்றுமே சொல்லாது. தனியார் கல்லூரிகளில் இந்த உள், வெளி பேதம் கிடையாது, அங்கே அந்த எண்ணைக் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

அரசுக் கல்லூரிக்கு என்ன செய்வது? ஒவ்வொரு கல்லூரியின் சொந்தத் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்க வேண்டும் என்பது 2008ல் வந்த சட்டம், நேவிகேட்டரிலேயே அதற்கு லிங்க் இருக்கிறது. அதில் வெளி மாநிலம் என்று கொடுத்துப் பாருங்கள்.

மேற்கு மாநிலங்களில் இருப்பவர்கள் டபிள்யூயுஇ (வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்) என்ற கட்டணச் சலுகைத் திட்டத்தையும் விசாரியுங்கள், அதில் சேர்ந்திருக்கும் வெளி மாநிலக் கல்லூரியில் இடமும் இந்தச் சலுகையும் கிடைத்தால் உள் மாநிலக் கட்டணத்தின் 150 சதவீதத்துக்கு மேல் வாங்க மாட்டார்கள். எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது என்பதால், தளத்தில் வரும் மத்திய அரசு உதவித்தொகைச் சராசரிகளை அவர்கள் அப்படியே தாண்டிப் போய்விடலாம். உள் மாநிலக் கட்டணம் அவர்களுக்குக் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.